கடைசி பெஞ்ச் பையனும் கண்ணாடி போட்ட டாப்பரும்

வாசகர் கேள்வி – பதில்

டி.வி.யில் வருகிற பள்ளிக்கூடத்தில் எல்லா விதமான பிள்ளைகளும் இருக்கிறார்கள், நம்ம பிள்ளைகளைத்தான் காணோம் என்று போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நிறையக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் இந்தப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது இருப்பது காவேரிப்பட்டணத்தில்.

என் மகள் பத்தாம் வகுப்பு. போனில் பள்ளிக்கூடக் கதையாகவே பார்க்கிறாள். எதைத் திறந்தாலும் காதல், டீச்சரைக் கிண்டல், வீட்டில் பொய். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், பாலக்கோடு

பிடுங்க வேண்டாம் அம்மா. பரீட்சை வருஷம் என்பதால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போன் அலமாரியில் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு வையுங்கள். உங்கள் போனையும் அதே அலமாரியில் வைத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

தொடரில் ஒரு பெண் பொய் சொல்லிவிட்டு வெளியே போனதைப் பார்த்து உங்கள் மகளும் நாளைக்கே கிளம்பிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. பதினைந்து வயசுப் பிள்ளைக்குக் கதை எது, வீடு எது என்று நன்றாகவே தெரியும். எனக்குக் கவலை அந்தத் தொடரைப் பார்க்கிற பெரியவர்களைப் பற்றித்தான்.

பள்ளித் தொடரில் பிள்ளைகளை முதலிலேயே பிரித்து வைத்துவிடுவார்கள். கண்ணாடி போட்டிருந்தால் அவன்தான் ஃபர்ஸ்ட் மார்க், நண்பன் என்று ஒருத்தனும் இருக்க மாட்டான். கடைசி பெஞ்ச் என்றால் ரவுடி. குண்டாக இருந்தால் சிரிக்க வைக்க வந்தவன், கையில் எப்போதும் தின்பண்டம். பணக்கார வீட்டுப் பெண்ணுக்குத் திமிர், பின்னாலேயே ஆமாம் போட இரண்டு தோழிகள். பேசாமல் இருக்கிற பெண்ணுக்கு நிச்சயம் ஒரு ரகசியம் இருக்கும். அமெரிக்காவில் 1989-ல் ‘சேவ்ட் பை த பெல்’ என்று ஒரு தொடர் வந்தது. குறும்புக்காரன், விளையாட்டு வீரன், கோமாளி மாதிரி ஒரு படிப்பாளி, சியர்லீடர் அழகி, எதிலும் முதலாக வர நினைக்கிற மாணவி, எந்நேரமும் உடுப்பு பற்றியே பேசுகிற பெண் என்று ஆறு பேர். அதற்கப்புறம் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பள்ளித் தொடர் வந்துவிட்டது. பெயரையும் சீருடையையும் மாற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் இதே ஆறு பேர்தான். அங்கே அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 நிமிஷம் மிஞ்சும். அதற்குள் யார் யார் என்று பார்ப்பவருக்குப் பிடிபட வேண்டும் என்ற அவசரம் எழுதுகிறவருக்கு. நம்ம ஊரில் தினமும் ஒரு பகுதி எடுத்தாக வேண்டும், அதனால் அவசரம் இன்னும் அதிகம். கண்ணாடியை மாட்டிவிட்டால் அந்தப் பிள்ளையை விளக்க ஒரு காட்சிகூட எழுத வேண்டியதில்லை.

அந்த அவசரம் நம் கண்ணுக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களின் கடைசியிலிருந்து டி.வி.யைப் பற்றி ஆராய்ந்தவர். நாள் முழுக்க டி.வி. பார்க்கிறவர்கள் வெளி உலகமும் அதில் காட்டுகிற மாதிரியே இருப்பதாக நம்பத் தொடங்குகிறார்கள் என்பது அவர் சொன்னது. அவர் முக்கியமாகப் பார்த்தது அடிதடி, குற்றம் பற்றிய பயத்தை. நான் அதையே ஆசிரியர் அறையில் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பில் ஒரு பையன். முதல் பீரியடிலேயே தலை பெஞ்சில் சாய்ந்துவிடும். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரில் வந்த ரவுடி மாணவனின் பெயரையே அவனுக்கு வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரை அட்டெண்டன்ஸில் மட்டும் கூப்பிடுவார்கள். ஒரு நாள் பிராக்டிகலில் பிப்பெட் பிடிக்கும்போது அவன் கையைப் பார்த்தேன். விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் கரும்பச்சையாகப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். நுரை மஞ்சளாக ஓடியது. தக்காளித் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த மஞ்சள் தெரியும். செடியின் இலையிலும் தண்டிலும் பொடிப்பொடியாக இருக்கிற ரோமத்திலிருந்து வருகிற பிசின் அது. காய் பறித்துப் பறித்துத்தான் கையில் இப்படி ஏறும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் காலையில் பெட்டி போய்ச் சேர வேண்டும் என்று அம்மாவோடு விடிவதற்குள் டார்ச் அடித்துப் பறித்துவிட்டு, அப்படியே சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வருகிறான். அவன் தூங்காமல் வேறு என்ன செய்வான்?

அவனுக்கு அந்தப் பெயர் வைத்தவர்களில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. தூங்குகிற பையன் யார் என்பதற்கு விடை அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. பிறகு வகுப்பாசிரியரிடம் பேசினேன். பறிப்பு நாளில் தாமதமாக வந்தாலும் வெளியே நிறுத்துவதில்லை என்று ஆயிற்று. விட்ட பாடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். மார்க் பெரிதாக இல்லை, ஆனால் எல்லாப் பாடத்திலும் பாஸ். பாலிடெக்னிக் போனான்.

அதனால் மகளோடு உட்கார்ந்து ஒரு பகுதி பாருங்கள் அம்மா. ‘பாரு, இதெல்லாம் தப்பு’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். ‘இந்த மாதிரிப் பொண்ணு உன் கிளாஸ்ல இருக்காளா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘எங்க கிளாஸ்ல அப்படி யாரும் இல்லைம்மா, எங்க கிளாஸ்ல ஒருத்தி…’ என்று தொடங்குவாள். அதற்கப்புறம் அவள் சொல்வதைத் தொடரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தொடர்களில் பள்ளி மாணவர்கள் எல்லாரும் 25 வயசு மாதிரி இருக்கிறார்களே, அங்கே அப்படித்தான் வளர்வார்களா? நான் பிளஸ் ஒன். எனக்கு மீசையே சரியாக வரவில்லை, முகம் முழுக்கப் பரு. அவர்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.
– ஒரு மாணவர், ஊத்தங்கரை

25 வயசு மாதிரி இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு 25 வயசு தம்பி. சில பேருக்கு அதற்கும் மேலே. 1990-ல் ஆரம்பித்த ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ தொடரில் ஆண்ட்ரியா என்ற பள்ளி மாணவியாக நடித்த கேப்ரியல் கார்ட்டெரிஸ் பிறந்தது 1961-ல். தொடர் வந்தபோது அவருக்கு 29. நம்ம ஊரில் அந்த வயசில் ஒரு பெண் தன் பிள்ளையை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பாள். ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ பார்த்திருக்கிறாயா? அதில் நீச்சல் வீரன் பாக்ஸ்டனாக வருகிற டேரன் பார்னெட் 1991-ல் பிறந்தவர். 2020-ல் அந்தத் தொடர் வெளியானபோது அவருக்கும் 29-தான். கதையில் அவர் பள்ளிக்கூடப் பையன்.

இதற்குக் காரணம் இருக்கிறது, கெட்ட காரணமும் இல்லை. சின்னப் பிள்ளைகளை நாள் பூரா வெளிச்சத்தில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. நம்ம நாட்டிலும் 2017-ல் வந்த விதிப்படி 14 வயது நிறையாத குழந்தையை நடிப்புக்கு அழைத்தால் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கலெக்டரிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பெரியவர்களை வைத்தால் இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு தொடர் நாலைந்து வருஷம் ஓடும். நிஜமாகவே 14 வயசுப் பையனை வைத்தால் நடுவிலேயே குரல் உடைந்து ஒரு சாண் உயர்ந்துவிடுவான். 24 வயசு ஆள் 28 வரைக்கும் ஒரே மாதிரி இருப்பார். கனடாவில் ‘டிகிராஸி’ என்ற தொடர் வரிசையில் அந்தந்த வயசுப் பிள்ளைகளையே வைத்து எடுத்தார்கள். அதில் பரு இருக்கும், பல்லில் கம்பி இருக்கும், பேசும்போது குரல் கிறீச்சிடும்.

காரணம் நியாயமாக இருந்தாலும் அடி உனக்குத்தான் விழுகிறது. பதினாறு வயசு என்று சொல்லி இருபத்தொன்பது வயசு உடம்பைக் காட்டினால், நிஜமான பதினாறு வயசுக்குத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றும். உன்னிடம் ஒரு குறையும் இல்லை. பரு உன் வயசில் தோலுக்கடியில் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாக வேலை செய்வதால் வருவது. கிள்ளாதே, தழும்பு விழும். சோப்பை மாற்றி மாற்றிப் போடாதே. வலியோடு பெரிதாக வந்தால் அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டு. கடையில் கிடைக்கிற சிவப்பழகு க்ரீம் எதையும் தொடாதே. மீசை அதன் நேரத்தில் வரும். உன் வகுப்பில் இதே கவலை உள்ளவர்கள் குறைந்தது பாதிப் பேர் இருப்பார்கள், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் ஓசூர் பக்கம், பிளஸ் ஒன் படிக்கிறேன். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். கிராமத்திலிருந்து வந்து இரட்டை ஜடை போட்ட பெண் என்றால் தொடர்களில் ஒன்று அப்பாவி, இல்லாவிட்டால் காமெடி. அப்புறம் யாராவது வந்து ஜடையை அவிழ்த்துவிட்டால் திடீரென்று அழகாகிவிடுகிறாள். எரிச்சலாக வருகிறது. எனக்கு மட்டும்தானா?
– ஒரு மாணவி, தேன்கனிக்கோட்டை சாலை

எனக்கும்தான் கண்ணு. அந்த ஜடை அவிழ்க்கிற காட்சி வந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன். இரட்டை ஜடையும் ரிப்பனும் அரசுப் பள்ளியில் சீருடையோடு சேர்ந்தது. காலையில் அம்மாவோ அக்காவோ, அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் ஆயாவோ, இழுத்துப் பின்னி விடுவது. சில பேர் பஸ்ஸில் ஒருத்திக்கு ஒருத்தி பின்னிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஜடையை முடித்துவிட்டு அடுத்ததற்கு ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, வண்டி குலுங்கக் குலுங்கப் பின்னுவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் பக்கத்தில் நிற்க எனக்குத் தெரிந்து அதைவிடப் பாதுகாப்பான தலைவாரல் கிடையாது. அதை அசட்டுத்தனத்துக்கு அடையாளமாக வைத்தவர் எந்தப் பள்ளிக்கும் போய்ப் பார்த்தவராகத் தெரியவில்லை.

உன் மொழி விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். ஒரு பிள்ளை அம்மாவிடம் ஒன்று, தோழியிடம் ஒன்று, கடையில் ஒன்று, பரீட்சைத் தாளில் ஒன்று என்று மாறி மாறிப் பேசும். தொடர்களிலோ வேறு மொழி வாடை அடித்தால் அது சிரிப்புக்கு என்று வைத்துவிட்டார்கள். நாலு மொழியில் புழங்குகிற பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் எந்தத் தொடரிலும் வரவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

மேலே சொன்ன ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ உனக்குப் பிடிக்கலாம். அமெரிக்கப் பள்ளித் தொடர்களில் இந்தியப் பிள்ளை என்றால் பல காலமாக ஒரே அச்சுதான்: கணக்கில் புலி, பேசத் தெரியாது, பக்கத்தில் நின்று நாயகனுக்கு வீட்டுப்பாடம் எழுதித் தரும். இதில் தேவி விஸ்வகுமார் என்ற தமிழ்ப் பெண்தான் நாயகி. நன்றாகப் படிக்கிறாள், அதோடு கோபப்படுகிறாள், பொறாமைப்படுகிறாள், அம்மாவிடம் கத்துகிறாள், இறந்துபோன அப்பாவை நினைத்து உடைந்து போகிறாள். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்ததில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் பள்ளி முடித்த வயசு அவருக்கு. தேவி செய்கிற பல காரியம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தப்புச் செய்யவும் அழவும் முழுசாக ஒரு கதையில் இடம் கொடுத்தார்களே, அதற்காக நான் நன்றியோடு பார்த்தேன்.

தொடர்களில் ஆசிரியர்களைக் கோமாளியாகவும் கொடுமைக்காரராகவும் காட்டுகிறார்களே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?
– ஓர் ஆசிரியர், அரூர்

எழுதலாம் சார். ஆனால் நமக்குச் சங்கம் இருக்கிறது, எழுதத் தெரியும், நம்மைத் தப்பாகக் காட்டினால் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. இந்த இதழ் அவர்களுக்கு.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கிற மாதிரி நல்ல பள்ளித் தொடர் ஒன்றுகூட இல்லையா?
– ஒரு தகப்பனார், பென்னாகரம்

இருக்கிறது ஐயா. தமிழில் 2006-ல் விஜய் டி.வி.யில் வந்த ‘கனா காணும் காலங்கள்’ ஒரு திருப்பம். மாமியார்–மருமகள் கதைகளுக்கு நடுவே, சீருடை போட்ட பிள்ளைகளே கதைக்கு நாயகர்கள் என்று ஒரு தொடர் வந்தது. அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதிலும் அச்சு இருந்தது. இருந்தாலும் நட்பு, பரீட்சை பயம், சின்ன விஷயத்துக்கு வருகிற பெரிய கோபம் இதெல்லாம் தெரிந்த முகமாக இருந்தது. 2022-ல் அதே பெயரில் ஓ.டி.டி.யில் மறுபடி எடுத்தார்கள். எனக்கு மனசு பழையதில்தான்.

ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’. 1999-ல் வந்தது, 1980-ல் மிச்சிகன் மாநிலத்தில் நடக்கிற மாதிரிக் கதை. 18 பகுதிதான். பார்ப்பவர்கள் குறைவு என்று ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். படிப்பாளி, உதவாக்கரை என்று பெயரிலேயே முத்திரை குத்திவிட்டு, உள்ளே போகப் போக அந்த முத்திரையை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கணக்குப் போட்டியில் ஜெயிக்கிற பெண் ஏன் உதவாக்கரைக் கூட்டத்தோடு போய் உட்காருகிறாள் என்பதை அவசரப்படாமல் சொல்வார்கள். உடற்பயிற்சி ஆசிரியருக்குக்கூட ஒரு மனசு இருக்கும். சிகரெட், போதைப்பொருள், குடி எல்லாம் வரும், அதனால் பிளஸ் டூ வயசுக்கு மேல், நீங்களும் கூட இருந்து பாருங்கள்.

2017-ல் வந்த ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ மட்டும் வேண்டாம். ஒரு மாணவி உயிரை விடுவதைச் சுற்றி எடுத்த கதை. மருத்துவர்கள் பலர் கண்டித்த பிறகு, அந்தக் காட்சியை 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே வெட்டி எடுத்துவிட்டது. உங்கள் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருந்தால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள்.

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். நம்ம பக்கத்துப் பள்ளியை வைத்து ஒரு வெப் சீரிஸ் எழுத ஆசை. நீங்கள் சொல்கிற அச்சு இல்லாமல் எழுத எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு மாணவர், பர்கூர்

உங்கள் கடிதம் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன் தம்பி.

கேண்டீனில் ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்கப் பள்ளியில் பெரிய சாப்பாட்டுக் கூடம் உண்டு, யார் எந்த மேஜையில் உட்காருகிறார்கள் என்பதே அங்கே கதை. நம்ம அரசுப் பள்ளியில் அந்தக் கூடம் கிடையாது. வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிடுவது இருக்கிறது. நம்ம பள்ளியில் பிரிவு வேறு இடத்தில் விழுகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஃபர்ஸ்ட் குரூப்பா, தொழிற்கல்வியா என்று ஒரு கோடு போடுகிறோமே, அங்கே விழுகிறது. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போட்டு, மதியம் தனியாக உட்கார வைக்கிறோமே, அங்கே. ‘பார்டர் பாஸ்’ என்று ஒரு பிள்ளையின் காதுபடவே பேசுகிறோமே, அங்கே. ஹாஸ்டல் பிள்ளை, வீட்டிலிருந்து வருகிற பிள்ளை என்று ஒன்று. பெங்களூர் போன அப்பா அம்மா மாசம் ஒரு தடவை வருகிற வீட்டில், பாட்டியோடு இருக்கிற பிள்ளை என்று ஒன்று. சாதியும் இருக்கிறது. தொடர்களில் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள், ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் டம்ளரில் தண்ணீர் குடிக்காது என்பது வகுப்புக்கே தெரியும். தைரியம் இருந்தால் அதை எழுதுங்கள்.

அப்புறம் பஸ். இலவசப் பாஸில் வருகிற பிள்ளைகளுக்காக டவுன் பஸ் நிற்குமா, நிற்காமல் போய்விடுமா என்பது ஒவ்வொரு காலையும் நடக்கிற கதை. முதல் பீரியடில் வெளியே நிற்கிற பையன் ஏன் நிற்கிறான் என்பதற்கு விடை பாதி நாள் அந்த பஸ்ஸில் இருக்கிறது. தளி, ஜவளகிரி பக்கம் ராகி அறுவடை சமயத்தில் யானை இறங்கும். அந்த மாசத்தில் பிள்ளைகள் தனியாக நடக்க மாட்டார்கள், கூட்டம் சேர்த்துக்கொண்டுதான் வருவார்கள். பள்ளியில் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்கிறவர்கள்கூட அந்தப் பாதையில் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும். எவ்வளவு நல்ல காட்சி பாருங்கள், யாருமே எடுக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் மாம்பழம் இருக்கிறது. கோடை விடுமுறையில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகிற சமயம், எத்தனையோ வீட்டில் பெரிய பிள்ளைகள் தோப்புக் காவலுக்குப் போவார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது, விடுமுறைக்கு ஊட்டி போனவனும் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தவனும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். மாங்கனிக் கண்காட்சிக்கு இருவரும் போவார்கள். ராட்டினத்துக்குக் காசு ஒருவனிடம்தான் இருக்கும்.

ஏதாவது ஒரு பள்ளி வாசலில் டீக்கடையில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் உட்காருங்கள். முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுதி முடித்தால் வசனத்தைப் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தொடரில் பள்ளி மாணவிக்கு வீட்டில் கட்டாயக் கல்யாணம் பேசினால், கடைசி நிமிஷத்தில் ஹீரோ வந்து தாலி கட்டிக் காப்பாற்றுகிறான். என் தோழிக்கு இப்போது நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமா பையன்தான். அவள் பிளஸ் ஒன். நல்லா படிப்பாள். நான் என்ன செய்வது?
– பெயர், ஊர் வேண்டாம்

உன் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன் கண்ணு. இதழ் வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்பதால், இதில் உள்ளதை உனக்கு உடனே தனியாகவும் அனுப்பிவிட்டோம். உன்னைப் போல இன்னும் பல தோழிகள் இருப்பார்கள் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த ஹீரோ கட்டினாலும் அது குழந்தைத் திருமணம்தான். பதினாறு வயசுப் பெண்ணுக்கு யார் தாலி கட்டினாலும் அது காப்பாற்றுவது ஆகாது. அந்தக் காட்சிக்கு இசை போட்டு, பூ தூவி, காதல் என்று பெயர் வைத்து வீட்டுக் கூடத்தில் காட்டுகிறார்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் பிள்ளைகளின் கல்யாணத்தைத் தடுக்க எத்தனை ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், அதிகாரிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தவள் நான். எனக்கு அந்தக் காட்சியை மன்னிக்க முடியவில்லை.

2006-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைய வேண்டும். அதற்கு முன்னால் நடத்தி வைக்கிறவர்களுக்கு 2 வருஷம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாமா பையன், சொந்தம் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. உன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தோழியின் பெயர், வயசு, படிக்கிற பள்ளி, ஊர், கல்யாணத் தேதி பேசியிருந்தால் அது, இவ்வளவு சொன்னால் போதும். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் இதைத் தடுக்கிற அதிகாரி, அவரிடம் போகும். அதிகாரிகள் வந்து அவளுடைய அப்பா அம்மாவை உட்கார வைத்துப் பேசுவார்கள். உன் வகுப்பில் நீ நம்புகிற ஒரு டீச்சரிடமும் இன்றைக்கே சொல். தோழியின் பிறப்புச் சான்றிதழ் நகலோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலோ பள்ளியில் இருக்கும். வயசுக்கு அது சாட்சி.

அவளுடைய அம்மாவிடம் யாராவது பேசப் போனால் படிப்புச் செலவுதான் முதலில் வரும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும் என்று சொல்லச் சொல். அவள் அந்த வகுப்புகளை எங்கே படித்தாள் என்று மட்டும் எனக்கு எழுது, மற்றதை நான் விசாரித்துச் சொல்கிறேன். முதலில் அந்தப் போனைச் செய்.